இரைச்சலின் சரித்திரம்

சங்கீதத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய வசைகளில் மிகச் சுலபமானது, "இதென்ன ஐயா, வெறும் இரைச்சல்!" என்பதுதான். அதைச் சொல்வதற்கு ராக ஞானம் வேண்டாம். தாளக் கணக்குத் தெரிய வேண்டாம். காதைப் பொத்திக்கொள்ள இரண்டு கைகள் இருந்தால் போதும். மேல்நாட்டில் 'பங்க்' என்றும் 'ஹெவி மெட்டல்' என்றும் பெயர் பெற்ற வாத்தியக் கோஷ்டிகள் ஐம்பது ஆண்டுகளாக இந்த வசையைக் கேட்டு வருகின்றன. அதே வழியில் நம் நாட்டில் தோன்றிய கோஷ்டிகளுக்கும் அதே மரியாதைதான் கிடைக்கிறது.

இந்தச் சங்கீதத்தைக் கேட்டறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேடையில் நாலைந்து பேர் நிற்பார்கள். மின்சார கிதார் இரண்டு, டிரம் செட் ஒன்று, தொண்டை கிழியப் பாடுகிறவர் ஒருவர். பங்க் கோஷ்டியென்றால் பாட்டு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வேகமும் கோபமுமே அதன் லட்சணம். ஹெவி கோஷ்டியென்றால் கிதாரின் சுருதி கீழே இறங்கி, மலைச்சரிவில் பாறை உருளுவதுபோல் நிதானமாக நகரும். இவற்றையெல்லாம் கலந்து, உடைத்து, ஒலிபெருக்கியின் ஊளையைக்கூட ஒரு ஸ்வரமாக வைத்துக்கொண்டு சோதனை செய்கிறவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்கள் பெரிய கம்பெனிகளின் தயவை எதிர்பாராமல், தாங்களே கூடித் தாங்களே நடத்தும் விழாக்களுக்குத்தான் சுயேச்சை இசை விழா என்று பெயர்.

அந்த விழாக்களின் சரித்திரத்தை லண்டனிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். நான் கன்னிவாடியிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.

"திண்டுக்கல் பக்கத்துக் கன்னிவாடிக்கும் மின்சார கிதாருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சத்தத்தின் அளவைக் கொண்டு ஒரு சங்கீதத்தை எடை போடக் கூடாது, யார் ஏவி அந்தச் சத்தம் எழுந்தது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதற்குப் பழனி மலை அடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கன்னிவாடி பழைய பாளையங்களில் ஒன்று. மலை இறங்கி வந்து சமவெளியைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது. திண்டுக்கல் சீமை மதுரை நாயக்கர்களிடமிருந்து மைசூர்க்காரர்கள் கைக்குப் போயிற்று; ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தவர்தான். 1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி சீமை கும்பெனியாரிடம் வந்தது. அதே அடிவாரத்தில் இருக்கும் விருப்பாச்சியின் கோபால நாயக்கர் கும்பெனியாரை எதிர்த்துப் பாளையக்காரர்களைத் திரட்டி, 1801-இல் தூக்கிலே உயிரை விட்டார். பாளையங்கள் ஜமீன்களாயின. ஜமீன்கள் 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஒழிந்தன. இவ்வளவு ராஜ்யங்கள் வந்து போயும் இந்தப் பக்கத்தில் மாறாமல் இருந்தது கொட்டுச் சத்தம் ஒன்றுதான்.

உறுமியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. இடை சிறுத்த வாத்தியம். தோல் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மற்றொரு பக்கத்தை வளைந்த குச்சியால் உரசுகிறார்கள். அந்த உரசலில் பிறக்கும் ஓசையை எந்த ஸ்வரத்திலும் அடக்க முடியாது. மிருகத்தின் தொண்டையிலிருந்து வருவது போலிருக்கும். ராஜகம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்கு இதுவே ஜீவன். தேவதுந்துபி என்று பக்தியோடு பெயர் சொல்வார்கள். அந்த ஆட்டத்துக்குப் பாட்டே கிடையாது. கொட்டு ஒன்றே நூறு கால்களை ஆட்டி வைக்கிறது. அடிவாரத்து ஊர்த் திருவிழா ஒன்றில் நான் அதைக் கேட்டபோது, காது அதைக் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்டுவிட்டது. மின்சார கிதார்க் கச்சேரிக்குப் போய் வரும் இளைஞர்களும் இதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது பறை. வேப்பமரச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய ஒருமுக வாத்தியம். இடது தோளுக்குக் கீழே அணைத்துக்கொண்டு, நீண்டு மெலிந்த குச்சி ஒன்றாலும் குட்டையான தடித்த குச்சி ஒன்றாலும் அடிக்க வேண்டும். கச்சேரிக்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். நெருப்புத்தான் அதற்குச் சுருதிப்பெட்டி. தோல் சூடேறி இறுகினால் ஒலி கணீரென்று உடைந்து சிதறும். ஆறிவிட்டால் மறுபடியும் நெருப்பு. எத்தனை அடி தள்ளி நின்றாலும் அது உங்களை விடாது.

பழைய தமிழ் இலக்கணம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சி நிலத்துக்கு உரியது தொண்டகப்பறை. ஆக, மலையும் அருவியும் எவ்வளவு இயற்கையோ அவ்வளவு இயற்கையாகக் கொட்டையும் நினைத்தவர்கள் நம் முன்னோர்கள். பிற்காலத்திலே நடந்தது வேறு. பறையைக் கொட்டுவது ஒரு ஜாதியின் தலையில் கட்டப்பட்ட ஊழியமாயிற்று. ஊரில் சாவு விழுந்தால் கொட்ட வேண்டும். சர்க்கார் உத்தரவைத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். திருவிழாவில் சாமிக்கு முன்னால் கொட்டிவிட்டுக் கோயிலுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும். சம்பளம் என்று பெயருக்குச் சில படி தானியம். அவர்கள் எழுப்பிய சத்தம் ஊர் முழுவதும் கேட்டது. ஆனால் அவர்கள் சொல்ல விரும்பியதைக் கேட்க ஒரு காதும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டிலே பல கிராமங்களில் ஒரு புதிய சத்தம் பிறந்தது. "இனிமேல் கொட்ட மாட்டோம்" என்பதே அது. பறையைக் கீழே வைத்தவர்கள் அதற்காக அடிபட்டார்கள், வேலை இழந்தார்கள், ஊர்க்கிணற்றையும் கடைத்தெருவையும் இழந்தார்கள். இரைச்சலை வெறுக்கிற கனவான்கள் பறை நின்றதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அவர்கள்தான் முதலில் கோபித்துக்கொண்டார்கள்! ஏவினால் எழுகிற இரைச்சலை யாரும் இரைச்சல் என்று சொல்வதில்லை. ஏவாமல் எழுகிற சத்தம்தான் காதைக் குத்துகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேல்நாட்டுக்குப் போவோம்.

1958-ஆம் வருஷம் அமெரிக்காவில் லிங்க் ரே என்ற கிதார்க்காரர் 'ரம்பிள்' என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தமது ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பிலே பென்சிலால் துளை போட்டு, கிதாரின் நாதத்தைக் கரகரக்க வைத்தார் என்பது பிரசித்தமான கதை. அந்தப் பாட்டில் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும், சிறுவர்களைச் சண்டைக்குத் தூண்டிவிடும் என்று சில நகரங்களின் ரேடியோ நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. வார்த்தையில்லாத ஓர் ஓசைக்குத் தடை! தேவராட்டத்து உறுமியைக் கேட்டவர்களுக்கு இதிலே ஆச்சரியம் இராது. அந்தக் கரகரப்பிலிருந்துதான் பின்னால் வந்த அத்தனை கனத்த சங்கீதமும் கிளைத்தது.

இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் இரும்பு வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே டோனி அயோமி என்ற பையன் தகரப் பட்டறையில் வேலை செய்து வந்தான். 1965-இல், பதினேழாவது வயதில், வேலையை விட்டுப் போக வேண்டிய கடைசி நாளன்று, இயந்திரம் அவனுடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவன் இடது கையால் மீட்டுகிறவன்; தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். வேறொருவனாக இருந்தால் கிதாரை விற்றிருப்பான். இவன் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டான். விரல் நோகாமலிருக்க மெல்லிய தந்திகளைப் போட்டான். பிற்பாடு சுருதியையும் தளர்த்தினான். சுருதி இறங்க இறங்க நாதம் கனத்தது. 1970 பிப்ரவரியில் அவனுடைய 'பிளாக் சப்பாத்' கோஷ்டியின் முதல் இசைத்தட்டு வந்தபோது விமரிசகர்கள் முகம் சுளித்தார்கள். தொழிற்சாலை ஊர்களிலிருந்த இளைஞர்கள் வாங்கித் தீர்த்தார்கள். சம்மட்டிச் சத்தத்திலே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கீதம் தாய்மொழிபோல் இருந்ததிலே என்ன வியப்பு?

பங்க் கோஷ்டிகள் வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து. 1976 செப்டம்பர் 20, 21 தேதிகளில் லண்டனிலே '100 கிளப்' என்ற நிலவறை அரங்கில் இரண்டு நாள் பங்க் விழா நடந்தது. மேடை ஏறியவர்களில் சிலருக்குச் சரியாக வாசிக்கவே தெரியாது. ஒரு கோஷ்டி ஒத்திகைகூடப் பார்க்காமல் வந்து நின்றது. சங்கீத ரசிகர்கள் சிரித்தார்கள். ஆனால் அதே வருஷக் கடைசியில் நடந்த வேறொரு காரியத்தைக் கண்டு யாரும் சிரிக்கவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' என்ற கோஷ்டி, எந்தக் கம்பெனியின் வாசலிலும் காத்துக் கிடக்காமல், வேண்டியவர்களிடம் சுமார் 500 பவுன் கடன் வாங்கி, நாலே பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்தது. 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற பெயரில் முதல் தடவையாக ஆயிரம் தட்டுகள் அச்சாகி வெளிவந்தன. பதிவு செய்த விவரமெல்லாம் உறை மேலேயே எழுதியிருந்தது, 'நீங்களும் இப்படிச் செய்யலாம்' என்று சொல்லாமல் சொல்வதுபோல.

பங்க் இயக்கம் உலகத்துக்குக் கொடுத்த கொடை அதன் ராகமோ தாளமோ அல்ல என்பது என் அபிப்பிராயம். தட்டும் நம்முடையது, மேடையும் நம்முடையது, கடனும் நம்முடையது என்ற துணிச்சலே அந்தக் கொடை. சுயேச்சை என்ற சொல்லுக்கு அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டியதில்லை.

நம் தேசத்திலும் அந்தத் துணிச்சல் வந்தது. பம்பாயில் 1986-இல் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' என்ற விழா ஆரம்பமாயிற்று. சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றுக்குக் கூட்டம் வராது என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், கல்லூரிப் பையன்கள் ஆண்டுதோறும் திரண்டு வந்து கனத்த சங்கீதம் கேட்டார்கள். நம் தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 1992-இல் சிங்கப்பூரில் தோன்றிய 'ருத்ரா' கோஷ்டி, ஹெவி மெட்டலோடு வேதாந்தத்தையும் சம்ஸ்கிருத மந்திரங்களையும் கலந்தது. புனே நகரத்திலே 2010-இல் ஆரம்பமான 'வீக்கெண்டர்' விழா பல ஊர்களுக்குப் பரவிற்று. ஆனால் அதன் பெயருக்கு முன்னால் நெடுங்காலம் ஒரு மதுக் கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கிறபோது எனக்குக் கன்னிவாடி ஜமீன் ஞாபகம் வருகிறது. கொடியும் கூடாரமும் ஒருவருடையதாக இருக்கும்போது, கொட்டுகிறவன் எவ்வளவு சுயேச்சையாகக் கொட்ட முடியும்? விழாவுக்குப் பணம் வேண்டும்; மறுக்கவில்லை. கொடுக்கிறவர் பாட்டுக்குள்ளே விரலை விடாதவரை பாதகமில்லை. விடுகிற அன்றைக்குப் பழைய ஊழியம் புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் மறுபடியும் நம் பக்கத்துக்கு வருவோம். கன்னிவாடிக்குக் கிழக்கே சிறிது தூரத்திலிருக்கும் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று ஒன்று உண்டு. சந்திரா என்ற கத்தோலிக்கக் கன்னிகை இதைத் தொடங்கினார். ஏழைத் தலித் குடும்பங்களின் பெண்களைச் சேர்த்து, படிப்பும் தையலும் கற்றுக்கொடுத்ததோடு அவர்கள் கையில் பறையையும் கொடுத்தார். இதிலே இரண்டு எல்லைகள் ஒரே சமயத்தில் உடைந்தன. பறை இழிவானது என்று ஊர் சொல்லிற்று. பறை ஆண்கள் மட்டுமே தொடக்கூடியது என்று சேரியும் சொல்லிற்று. இந்தப் பெண்கள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சலங்கை கட்டிக்கொண்டு, வட்டமாகச் சுற்றிச் சுழன்று, பறையை ஓங்கி அடித்தார்கள். ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் இவர்களைப் பற்றி ஒரு படமே எடுத்திருக்கிறார்.

சாவு வீட்டுக்கு வா என்று யாரும் இவர்களை ஏவவில்லை. தமுக்கு அடி என்று எந்த மணியக்காரரும் ஆள் அனுப்பவில்லை. குச்சியும் அதேதான், தோலும் அதேதான், நெருப்பில் காய்ச்சுவதும் அப்படியேதான். ஆனாலும் அது வேறு வாத்தியமாகிவிட்டது. முந்தைய தலைமுறை பறையைக் கீழே வைத்ததும் சுயமரியாதை. பிந்தைய தலைமுறை அதை எடுத்ததும் சுயமரியாதை. இரண்டுக்கும் முரண்பாடு காண்கிறவர்கள் நான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னே கொட்டியது யார் ஏவி? இப்போது கொட்டுவது யார் ஏவி?

சென்னையிலே இந்தக் கதை இன்னும் ஒரு படி ஏறிற்று. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டி முதன்முதலாக மேடை ஏறியது. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்ற இசைக்காரரும் சேர்ந்து உருவாக்கிய கோஷ்டி அது. 'சாதியற்ற' என்ற அந்தச் சொல் அயோத்திதாச பண்டிதர் நூறாண்டுக்கு முன்பே வழங்கிய சொல். வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த கானா, பறை, சட்டி, மின்சார கிதார், டிரம் செட், ராப் எல்லாம் ஒரே மேடையில். கோஷ்டியில் பத்தொன்பது பேருக்குக் குறையாது. அவர்களிலே ஒரே பெண்ணாக நின்று கானா பாடினார் இசைவாணி, 2020-இல் பி.பி.சி. உலகப் பெண்மணிகள் நூறு பேரைப் பொறுக்கியெடுத்தபோது இவரும் அதில் ஒருவரானார். இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை, மாட்டுக்கறி முதலான விஷயங்களெல்லாம் பாட்டாக வந்தன. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கேட்டார்கள், ஆடினார்கள்.

அதே நீலம் அமைப்பினர் 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கினார்கள். இந்தப் பெயரின் குறும்பைக் கவனிக்க வேண்டும். மார்கழி என்றால் சென்னையில் சபாக்கள். 1928-இல் தோன்றிய மியூஸிக் அகாடமி முதலாக எத்தனையோ அரங்கங்கள். எல்லாம் உயர்ந்த சங்கீதம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதையும் ஒருவகைச் சங்கீதத்துக்கே பட்டா எழுதிக் கொடுத்தது யார்? பறையும் ஒப்பாரியும் கானாவும் ராப்பும் தங்களுக்கென்று ஒரு மேடை போட்டுக்கொண்டு அதே மாதத்தில் உட்கார்ந்தன. சபாவுக்குள்ளே இடம் கேட்டு மனுப் போட்டிருந்தால் பதில் வர இன்னும் நூறு மார்கழி ஆகியிருக்கலாம். மான்செஸ்டர்ப் பையன்கள் செய்ததும் இதுதான்.

இனி மலைமேலே ஏறுவோம். ஹெவி மெட்டல் என்ற சொல்லுக்கு ரசாயன சாஸ்திரத்திலே வேறோர் அர்த்தம் உண்டு: ஈயம், பாதரசம் முதலிய கனத்த உலோகங்கள். கொடைக்கானலுக்கு அந்த ஹெவி மெட்டல்தான் முதலில் வந்து சேர்ந்தது.

1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் முதல் வீடுகளைக் கட்டிய குளுகுளு ஊர் அது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே வந்தது. பாண்ட்ஸ் கம்பெனியிடமிருந்து பிற்பாடு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு மாறிற்று. பாம்பாறு சோலையின் விளிம்பிலே தொழிற்சாலை. கண்ணாடிக் குழாயிலே பாதரசம் நிரப்பும் வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தரச் சம்பளம். பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை, சத்தமும் இல்லை. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினார்கள். அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிற்று. தொழிலாளர்களோ சிறுநீரகமும் நரம்பும் கெட்டுப் போனதாகச் சொல்லி நியாயம் கேட்டு நின்றார்கள். வேலையினால் யாருடைய உடம்புக்கும் கெடுதல் வரவில்லை என்றே கம்பெனி சொல்லி வந்தது. மனு, ஊர்வலம், கோர்ட்டு என்று பதினான்கு வருஷங்கள் ஓடிவிட்டன. கேட்பார் இல்லை.

2015 ஜூலை 30-ஆம் தேதி, சென்னையைச் சேர்ந்த ஸோஃபியா அஷ்ரஃப் என்ற இளம்பெண் 'கொடைக்கானல் வோண்ட்' என்ற ராப் பாட்டைக் காணொளியாக வெளியிட்டார். கொடைக்கானல் அடங்காது என்பது தலைப்பின் சாரம். மெட்டு அவருடையது அல்ல. நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் பிரபலமான 'அனகோண்டா' பாட்டின் மெட்டு. வார்த்தைகள் மட்டும் பாதரசத்தைப் பற்றியவை. மெட்டுக்குச் சொந்தக்காரியே அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். சில வாரங்களிலேயே இருபது லட்சம் தடவைக்கு மேல் ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். கம்பெனியின் உலகத் தலைவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அல்ல, மனிதாபிமானத்தினால் என்று சொல்லிக்கொண்டது.

இதைச் சொன்னவுடன், "ஒரு பாட்டு ஒரு கம்பெனியை வென்றுவிட்டது" என்று கைதட்டத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷம் சங்கம் வைத்து, நோயோடு படியேறி இறங்கி, கோர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள்தான் வென்றார்கள். பாட்டு செய்தது தமுக்கின் வேலை. ஆனால் தமுக்கை யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதைப் பாருங்கள்! ஒரு காலத்திலே சர்க்கார் உத்தரவை ஜனங்களுக்குச் சொல்ல ஏவப்பட்ட தமுக்கு அது. இங்கே ஜனங்களின் செய்தியை ஆள்கிறவர்களுக்குச் சொல்லிற்று. சத்தமில்லாத விஷத்தை எதிர்த்துச் சத்தம் போடாமல் வேறு எதைப் போடுவது?

மண் முழுவதும் சுத்தமாகவேண்டும் என்ற வழக்கு அதோடு தீரவில்லை. லண்டனிலே மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வார்களோ அந்த அளவுக்குக் கொடைக்கானலிலும் செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. 2018-இல் ஸோஃபியா அஷ்ரஃப் மறுபடியும் பாடினார். இம்முறை அவரோடு கர்நாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணாவும், ராக் பாடகர் அம்ரித் ராவும் சேர்ந்தார்கள். ராப்பும் ராகமும் ராக்கும் ஒரே குற்றச்சாட்டைச் சொல்ல ஒரு வரிசையில் நின்றன. இது பங்க் அல்ல என்று பண்டிதர்கள் வகை பிரிக்கலாம். கிடைத்த மெட்டை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் காசில்லாமல், கேட்கவேண்டிய காதில் போய் விழும்படி கத்துவது பங்க் இல்லையென்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "சத்தத்துக்கு அளவில்லையா? நோயாளிகள், குழந்தைகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று கேட்பார்கள். அளவு உண்டு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விதி நல்ல விதி; எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் அதைக் காட்டி எந்த மேடையை நிறுத்துகிறார்கள், எந்த மேடைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அரசியல் கட்சியின் மாநாட்டிலும், பணக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் டெசிபல் மானியை யாராவது கொண்டுபோய் வைத்ததுண்டா? கருவி சத்தத்தை அளக்கும், ஆளை அளக்காது. அதிகாரியோ பல சமயங்களில் ஆளை அளந்த பிறகே கருவியை எடுக்கிறார்.

"கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு கலை வருமா?" என்பது இன்னோர் ஆட்சேபம். வராது. விரலிழந்த அயோமிக்குக் கோபத்தைவிட அதிகமாகப் பொறுமை இருந்தது. பறையைக் காய்ச்சுவதற்கும் பதம் உண்டு. கொஞ்சம் தவறினால் தோல் கிழிந்துவிடும். இந்தக் கோஷ்டிகளிலே கோபம் மட்டும் உள்ளவை இரண்டு வருஷத்தில் மறைந்துபோகின்றன. வித்தையும் உள்ளவை நிலைக்கின்றன. கச்சேரிப் பாடகர்களின் கதியும் அதுவேதான்.

எனக்குள் ஓர் ஆசை இருக்கிறது. பழனி மலை அடிவாரத்திலே, கன்னிவாடியைப் போன்ற ஓர் ஊரிலே, அறுவடை முடிந்த கொல்லைக்காட்டில் ஒரு சுயேச்சை விழா நடக்க வேண்டும். மின்சார கிதாரும் வரட்டும், உறுமியும் வரட்டும். திண்டுக்கல் பெண்கள் பறையைக் காய்ச்சட்டும். மலையிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் இறங்கி வந்து முன்வரிசையில் உட்காரட்டும். அனுமதிச் சீட்டுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் போதும். மேடைக்கு ஆகும் செலவைக் கொட்டுகிறவர்களும் கேட்கிறவர்களும் பங்கு போட்டுக்கொள்ளலாம். வாழைமரம் கட்டுவதா, பதாகை கட்டுவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிய அதே வீதிகளிலிருந்து ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பறையைக் கேட்கும் நாள் அது.

அன்றைக்கும் யாராவது ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, "வெறும் இரைச்சல்!" என்று சொல்லத்தான் செய்வார். சொல்லட்டும். அவரையும் சீட்டு வாங்கித்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிடலாம்.